கம்யூனிசத்தைத் தடுக்கிறேன் என்று அமெரிக்கா யாரைத் தடுத்தது?

தேனிக்காரன்:
குரூப் 1 மெயின்ஸுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். பனிப்போர் பகுதியில் ஒரு இடத்தில் சிக்கி நிற்கிறேன். கையேட்டில் ட்ரூமன் கோட்பாடு, மார்ஷல் திட்டம், நேட்டோ, கொரியா, குவாத்தமாலா, வியட்நாம் என்று வரிசையாகப் போட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் எழுதியிருக்கிறார்கள்: "கம்யூனிசம் பரவுவதைத் தடுக்க". மனப்பாடம் பண்ணினால் மார்க் வந்துவிடும், அது பிரச்சினை இல்லை. ஆனால் தடுக்க வேண்டியது சோவியத் யூனியனை என்றால் குவாத்தமாலாவில் என்ன வேலை? வியட்நாம் விவசாயிக்கும் மாஸ்கோவுக்கும் என்ன சம்பந்தம்? ஆரம்பித்தவர்கள் மனதில் என்ன இருந்தது, எங்கே தடம் மாறியது? தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதுங்கள். விக்கி லிங்க்கைப் போட்டுவிட்டு ஓடிவிடாதீர்கள், ப்ளீஸ்.

பழைய_ரேடியோ:
தம்பி, ஒரே வரியில் அடங்காது என்று உனக்கே தோன்றியிருக்கிறது, பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

1946 பிப்ரவரி. மாஸ்கோவில் அமெரிக்கத் தூதரகத்தில் ஜார்ஜ் கென்னன் என்ற அதிகாரி காய்ச்சல், சைனஸ், பல்வலி என்று படுத்துக் கிடக்கிறார். ரஷ்யர்கள் உலக வங்கியிலும் சர்வதேச நிதியத்திலும் சேராமல் ஏன் அடம் பிடிக்கிறார்கள் என்று வாஷிங்டனிலிருந்து கேட்கிறார்கள். மனிதர் ஏற்கெனவே கடுப்பில் இருந்தார், தான் எழுதி அனுப்புவதை அங்கே யாரும் காதில் வாங்குவதில்லை என்று. கேட்டுவிட்டீர்கள் அல்லவா, வாங்கிக்கொள்ளுங்கள் என்று படுத்தபடியே சொல்லச் சொல்ல, பல ஆயிரம் வார்த்தைக்கு ஒரு தந்தி போனது. "நீண்ட தந்தி" என்றே பெயர் நின்றுவிட்டது. சாரம் இதுதான்: இவர்களோடு பேசிப் பேசியே நட்பாகிவிடலாம் என்று கனவு காணாதீர்கள், அதற்காகச் சண்டைக்கும் போக வேண்டாம். ஹிட்லர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு பாய்கிற ஆட்கள் இல்லை இவர்கள், எதிரே உறுதியாக நின்றால் பின்வாங்குவார்கள். 1947 ஜூலையில் "எக்ஸ்" என்ற புனைபெயரில் ஒரு பத்திரிகையில் இதையே விரித்து எழுதினார். கட்டுப்படுத்தல் கொள்கை என்று நீ படிக்கிற பெயர் புழக்கத்துக்கு வந்தது அந்தக் கட்டுரையால்தான்.

ஆனால் அந்தக் கட்டுரை வருவதற்குள்ளேயே காரியம் ஆரம்பமாகிவிட்டது. 1947 பிப்ரவரியில் பிரிட்டன் கையை விரித்தது. கிரீஸுக்கும் துருக்கிக்கும் இனி எங்களால் செலவு செய்ய முடியாது, கஜானா காலி என்று. கிரீஸில் உள்நாட்டுப் போர், ஒரு பக்கம் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள். நாடாளுமன்றத் தலைவர்களிடம் பணம் கேட்கப் போன வெளியுறவுத் துறை அதிகாரி டீன் அச்சிசன், கூடையில் ஒரு ஆப்பிள் அழுகினால் மொத்தமும் அழுகிவிடும் என்று கதை சொன்னார். மார்ச் 12ஆம் தேதி அதிபர் ட்ரூமன் பேசினார், 40 கோடி டாலர் கேட்டார். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. ஆயுதமேந்திய சிறு கூட்டமோ வெளியார் நெருக்கடியோ அடக்கப் பார்க்கும் சுதந்திர மக்கள் யாராக இருந்தாலும் அவர்களை ஆதரிப்பதே நம் கொள்கை என்கிற ரீதியில் முடித்தார். உன் கையேட்டில் இருக்கிற ட்ரூமன் கோட்பாடு இதுதான். எந்த நாடு, எந்தக் கண்டம் என்று எல்லை எதுவும் இல்லை. கென்னனே இந்த வாசகத்தைப் பார்த்து முகம் சுளித்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கிரேக்கக் கம்யூனிஸ்டுகளுக்கு ஸ்டாலின் பெரிதாக ஒன்றும் செய்யவே இல்லை. 1944 அக்டோபரில் சர்ச்சிலோடு உட்கார்ந்து யாருக்கு எந்த நாட்டில் எத்தனை சதவீதம் என்று ஒரு காகிதத்தில் பங்கு போட்டபோது கிரீஸில் 90 பிரிட்டனுக்கு என்று ஒத்துக்கொண்டவர், அந்த வாக்கைக் காப்பாற்றினார். துப்பாக்கியும் புகலிடமும் கொடுத்தது யுகோஸ்லாவியாவின் டிட்டோ. 1948இல் டிட்டோவுக்கும் ஸ்டாலினுக்கும் முட்டிக்கொண்டது, 1949 ஜூலையில் டிட்டோ எல்லையை மூடினார், அக்டோபரில் போர் முடிந்தது. அமெரிக்க ஆயுதமும் ஆலோசகர்களும் வேலை செய்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் கிரீஸில் நடப்பதெல்லாம் மாஸ்கோ ஆட்டுகிற பொம்மலாட்டம் என்பதுதான் சொன்ன காரணம். அந்தக் காரணமே தப்பு. உன் கேள்விக்கு என் பதில் இதுதான். தடம் எங்கோ பாதி வழியில் மாறவில்லை, முதல் அடியிலேயே கோணல் இருந்தது.

சும்மா_ஒருத்தன்:
ரேடியோ ஐயா ஆன் ஆகிட்டார். பாப்கார்ன் எடுத்துட்டு வரேன்.

வடசென்னை_வாசு:
ஐயா எழுதுவதெல்லாம் சரிதான், ஆனால் படிக்கிறவனுக்கு ஸ்டாலின் ஏதோ வாக்குத் தவறாத பெரிய மனுஷன் என்று தோன்றிவிடும். அதே ஸ்டாலின் போலந்தில் என்ன செய்தார்? சுதந்திரமான தேர்தல் நடத்துவேன் என்று 1945 யால்டா மாநாட்டில் சொன்னது என்ன ஆயிற்று? 1948 பிப்ரவரியில் செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராக்கில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியை அமுக்கிக்கொண்டார்கள். ஜூனில், ரஷ்யப் பிடியில் இருந்த பகுதிக்கு நடுவே மேற்கு நாடுகள் வைத்திருந்த மேற்கு பெர்லினுக்குப் போகிற ரோடு, ரயில், கால்வாய் எல்லாவற்றையும் அடைத்தார்கள், 20 லட்சத்துக்கு மேல் ஜனம் உள்ளே. அப்போது அமெரிக்கா டாங்கியை அனுப்பவில்லை, விமானத்தில் மாவும் பால் பவுடரும் நிலக்கரியும் கொண்டுபோய் இறக்கியது. ஆமாம், நிலக்கரி! 23 லட்சம் டன் சரக்கில் பெரும்பகுதி அதுதான். 1949 மே மாதம் ஸ்டாலின் அடைப்பை எடுத்தார். ஒரு குண்டு வெடிக்கவில்லை. கென்னன் சொன்னது சொன்னபடி நடந்த இடம் இது.

போரில் நொடிந்த ஐரோப்பாவுக்கு அமெரிக்கா பணம் கொடுத்த மார்ஷல் திட்டமும் அப்படித்தான். 4 வருஷத்தில் ஏறக்குறைய 1,300 கோடி டாலர். பிரான்ஸ், இத்தாலி இரண்டிலும் கம்யூனிஸ்ட் கட்சிகள் அப்போது பெரிய கட்சிகள், பசியும் குளிரும்தான் அவர்களுக்கு முதலீடு. வயிறு நிறைந்ததும் அலை அடங்கியது. அப்புறம் இன்றைக்கு ராத்திரி எடுத்த செயற்கைக்கோள் படத்தில் வட கொரியாவையும் தென் கொரியாவையும் பாருங்கள், ஒன்று இருட்டு, ஒன்று வெளிச்சம். தடுக்காமல் விட்டிருந்தால் மொத்தமும் இருட்டு. இதைச் சொன்னால் இங்கே சில தோழர்களுக்குக் கோபம் வரும், வரட்டும்.

கோஜே_குமரன்:
வாசு அண்ணன் கொரியாவை இழுத்துவிட்டதால் எழுதுகிறேன். கப்பல் கட்டும் தளத்தில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை, 6 வருஷமாகத் தென் கொரியாவில் கோஜே தீவில் இருக்கிறேன். இங்கே நம் ஆட்கள் நிறைய. ஞாயிற்றுக்கிழமை சோறு சாம்பார் வைத்துச் சாப்பிட்டுவிட்டு எங்கே போவது என்று தெரியாமல் ஒருநாள் ஊருக்குள்ளேயே இருக்கிற போர்க்கைதி முகாம் பூங்காவுக்குப் போனோம். பழைய முகாமின் சுவர்கள் இடிந்து நிற்கின்றன, பக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு. உள்ளே பொம்மைகளை வைத்துக் காட்சி காட்சியாக அமைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அங்கேதான் முதன்முதலில் உறைத்தது, நான் வேலை செய்கிற இந்தத் தீவில் ஒரு காலத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் கைதிகள் கம்பி வேலிக்குள் இருந்தார்கள் என்று.

சண்டை வேலிக்கு உள்ளேயும் நடந்திருக்கிறது. கம்யூனிஸ்ட் கைதிகள் ஒரு பக்கம், எதிர்ப்பாளர்கள் ஒரு பக்கம், ராத்திரியில் ஒருவரை ஒருவர் அடித்தே கொன்றிருக்கிறார்கள். ஊருக்குத் திரும்பிப் போக முடியாதபடி உடம்பில் கம்யூனிச எதிர்ப்பு வாசகங்களைப் பச்சை குத்திவிடுவார்களாம், சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும். 1952 மே மாதம் முகாமின் அமெரிக்க கமாண்டர் டாட் என்ற ஜெனரலையே கைதிகள் உள்ளே இழுத்துப் பிடித்துவைத்துவிட்டார்கள். அதுவும் பொம்மைக் காட்சியாக இருக்கிறது.

வாசு அண்ணனுக்கு என் பதில்: 1950 ஜூன் 25 அன்று வடக்கு படையெடுத்தது, தடுத்தது நியாயம். செப்டம்பரில் இன்ச்சோனில் அமெரிக்க ஜெனரல் மெக்கார்தர் படையை இறக்கினார், சியோல் கைக்கு வந்தது, வடகொரியப் படை இரண்டு கொரியாக்களுக்கும் எல்லையாக இருந்த 38ஆம் இணைகோட்டுக்கு மேலே ஓடியது. கட்டுப்படுத்தல் என்றால் கணக்கு அங்கே முடிந்தது. கோட்டைத் தாண்ட வேண்டாம், தாண்டினால் நாங்கள் வருவோம் என்று சீனப் பிரதமர் சூ என்லாய் அக்டோபர் தொடக்கத்தில் நடுராத்திரி நம் தூதர் பணிக்கரைக் கூப்பிட்டுச் சொன்னார். பணிக்கர் டெல்லிக்குச் சொல்ல, அது வாஷிங்டனுக்குப் போனது. பணிக்கர் சீனாக்காரன் பக்கம் சாய்ந்தவர் என்று அங்கே தள்ளிவிட்டார்கள். கோட்டைத் தாண்டினார்கள். சீனர்கள் வந்தார்கள். அதற்குப் பிறகு இரண்டரை வருஷத்துக்கு மேல் சண்டை, லட்சக்கணக்கில் சாவு, 1953 ஜூலை 27 அன்று போர் நின்றபோது எல்லை ஏறக்குறைய பழைய இடத்திலேயே. தடுத்ததற்கு ஒரு விலை, துரத்தப் போனதற்கு அதைவிடப் பல மடங்கு விலை. இரண்டையும் ஒரே வரியில் "தடுக்க" என்று கையேடு எழுதுவதுதான் எனக்கு எரிச்சல்.

இன்னொன்று. போர் ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்ததற்கு முக்கியக் காரணம் இந்தக் கைதிகள்தான். விருப்பம் இல்லாதவனைத் திருப்பி அனுப்ப மாட்டோம் என்றது அமெரிக்கா, எல்லாரையும் அனுப்பு என்றது சீனா. கடைசியில் திரும்ப மறுத்த 22,000 சொச்சம் பேரைக் காவல் காக்க இந்தியப் படை போனது, நடுநிலை நாடுகள் கமிஷனுக்கு ஜெனரல் திம்மையா தலைவர். தென் கொரிய அதிபர் சிங்மன் ரீ, இந்தியச் சிப்பாய் என் மண்ணில் கால் வைக்கக் கூடாது என்றுவிட்டார், அதனால் கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் நேராக எல்லைப் பகுதிக்கே தூக்கிப் போனார்கள். எங்களுக்கு வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம், தைவானும் வேண்டாம் என்று 88 பேர் நின்றார்கள். அவர்களை நம் படையே கூட அழைத்து வந்தது, 1954 பிப்ரவரியில் வந்து இறங்கிய இடம் மெட்ராஸ் துறைமுகம். நம் ஊர்க்காரர்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்?

தேனிக்காரன்:
சத்தியமாக எனக்குத் தெரியாது குமரன் அண்ணா. எந்தக் கையேட்டிலும் இல்லை.

மலையகத்தான்:
வணக்கம். இலங்கையிலிருந்து எழுதுகிறேன். கொரிய யுத்தம் எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) வாசல் வரைக்கும் வந்த கதை ஒன்று இருக்கிறது, தேனித் தம்பிக்குப் பரீட்சையில் உதவாது, ஆனால் கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது.

எங்கள் தாத்தா களுத்துறைப் பக்கம் இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். இருட்டோடு எழும்பிப் போய் மரத்துக்கு மரம் சீவி, சிரட்டையில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டுவர வேண்டும். மழை பெய்தால் பட்டை நனைந்து பால் சிரட்டைக்குள் விழாமல் பரவி ஓடிவிடும், அன்றைக்குப் பேர் இல்லை, பேர் இல்லை என்றால் சம்பளம் இல்லை. கொரிய யுத்தம் தொடங்கியதும் இறப்பர் விலை எகிறியது, பிறகு தடாலென்று விழுந்தது. அதே நேரம் உலகச் சந்தையில் அரிசி கிடையாது, கிடைத்தாலும் விலை தாங்காது. சீனாவிடம் அரிசி இருந்தது, இறப்பர் இல்லை. ஐநா தடை போட்டிருந்ததால் அவர்களுக்கு யாரும் விற்கவில்லை. இலங்கையோ அப்போது ஐநாவில் உறுப்பினரே இல்லை, 1955இல்தான் சேர்த்தார்கள், ஆகவே அந்தத் தடை எங்களைக் கட்டவில்லை. 1952 டிசம்பரில் ஐந்து வருஷ ஒப்பந்தம்: வருஷத்துக்கு 50,000 தொன் இறப்பர் போக, 2,70,000 தொன் அரிசி வரும். சந்தை விலையை விடக் கூடுதலாகவே சீனா தந்தது.

இதைச் செய்த அரசாங்கம் எது தெரியுமா? டட்லி சேனாநாயக்கவின் ஐக்கிய தேசியக் கட்சி. கம்யூனிஸ்ட் என்றால் எரிந்து விழுகிற கட்சி. 1948இல் எங்கள் தோட்டத்து ஆட்களின் பிரஜாவுரிமையைப் பறித்ததில் இவர்கள் இடதுசாரிகளுக்கு வாக்குப் போடுகிறார்கள் என்ற பயமும் ஒரு காரணம். அப்படிப்பட்ட கட்சி சோற்றுக்காகச் சீனாவோடு பண்டமாற்றுச் செய்தது. உடனே கம்யூனிஸ்ட் நாட்டுக்குப் போர்த் தளவாடத்துக்கான பொருள் விற்கிறாய் என்று தங்கள் சட்டத்தைக் காட்டி அமெரிக்கா இலங்கைக்கான உதவியை நிறுத்தியது. 1956 வரைக்கும் இல்லை. பால் வெட்டுகிறவனின் இறப்பர் அவர்கள் கண்ணுக்கு டயராகவும் பீரங்கி வண்டியாகவும் தெரிந்திருக்கிறது.

1953இல் அரசாங்கம் அரிசி மானியத்தை வெட்டியது. கொத்து 25 சதத்துக்கு விற்றது 70 சதம் ஆனது. ஆகஸ்ட் 12 ஹர்த்தால், நாடே நின்றது, முன்னால் நின்று நடத்தியவர்கள் இடதுசாரிகள். துப்பாக்கிச் சூடு நடந்தது, ஆட்கள் செத்தார்கள், அந்த வருஷமே டட்லி பதவி விலகினார். இப்போது சொல்லுங்கள், உதவியை நிறுத்தி யாரைத் தடுத்தார்கள்?

வடசென்னை_வாசு:
மலையகத்தான் அண்ணே, இது எனக்குப் புதுசு. ஆனால் அரிசி மானியத்தை வெட்டச் சொன்னது அமெரிக்கா இல்லையே? இரண்டையும் முடிச்சுப் போடுவது கொஞ்சம் நீட்டல்.

மலையகத்தான்:
சரிதான் வாசு, வெட்டினது எங்கள் ஆட்கள்தான், அந்தப் பழியை அமெரிக்கா தலையில் போடவில்லை. கையில் காசில்லாமல் தவித்த ஒரு கம்யூனிச எதிர்ப்பு அரசாங்கத்துக்கு அந்த நேரம் பார்த்துக் கதவடைத்தார்கள் என்று மட்டும் சொல்கிறேன். தங்கள் ஆள் யார் என்றே தெரியாமல் செய்த காரியம்.

செவ்வந்தி:
தேனிக்காரன் கேட்ட குவாத்தமாலாவை எல்லாரும் தாண்டிப் போய்விட்டீர்கள். அங்கே நிலச் சீர்திருத்தம்தான் விவகாரம். 1952இல் அதிபர் அர்பென்ஸின் அரசு, பெரிய பண்ணைகளில் தரிசாகக் கிடக்கும் நிலத்தை எடுத்து நிலமில்லாதவர்களுக்குக் கொடுக்கச் சட்டம் போட்டது. நஷ்ட ஈடு எவ்வளவு? நீங்கள் வரி கட்டும்போது என்ன மதிப்புக் காட்டினீர்களோ அவ்வளவு. பெரிய நில முதலாளி யார் என்றால் யுனைடெட் ஃப்ரூட் என்ற அமெரிக்க வாழைப்பழக் கம்பெனி, வரியை மிச்சம் பிடிக்க மதிப்பைக் குறைத்துக் காட்டி வந்தவர்கள். அரசு தருவதாகச் சொன்னது 6,27,000 டாலர் சொச்சம், அமெரிக்க வெளியுறவுத் துறை கேட்டது 1.58 கோடி டாலர். நம் ஊரில் கைடுலைன் வேல்யூவைக் குறைத்துப் பத்திரம் பண்ணிவிட்டு ரோடு போட நிலம் எடுக்கும்போது மார்க்கெட் ரேட் கேட்பவர்களை நினைத்துக்கொள்ளுங்கள், அச்சு அசல் அதே. வெளியுறவு அமைச்சர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ், சிஐஏ தலைவர் அவர் தம்பி ஆலன், அண்ணன் தம்பி இருவரும் முன்னால் வேலை பார்த்த வக்கீல் நிறுவனம் அந்தக் கம்பெனிக்கு வேலை செய்தது. 1954 ஜூனில் சிஐஏ ஏற்பாடு செய்த கவிழ்ப்பில் அர்பென்ஸ் விழுந்தார். பின்னால் வந்த உள்நாட்டுப் போர் 1996 வரை ஓடியது, செத்தவர்கள் சுமார் 2 லட்சம்.

கம்பெனிக்காக மட்டும் செய்தார்கள் என்றும் நான் சொல்லவில்லை, அது மேடைப் பேச்சு. அர்பென்ஸைச் சுற்றிக் கம்யூனிஸ்டுகள் இருந்தது நிஜம், வாஷிங்டனில் பயந்ததும் நிஜம். ஆனால் நிலம் கேட்கிற கூலிக்காரனையும் மாஸ்கோ ஏஜெண்டையும் பிரித்துப் பார்க்கிற கண்ணாடி அவர்களிடம் இல்லை, வாங்கவும் முயற்சி செய்யவில்லை.

வியட்நாமிலும் இதே கண்பார்வைக் கோளாறுதான். 1945 செப்டம்பர் 2 அன்று ஹனோயில் கம்யூனிஸ்ட் தலைவர் ஹோ சி மின் சுதந்திரப் பிரகடனம் வாசித்தபோது முதல் வரிகளே அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்திலிருந்து எடுத்தவை. ட்ரூமனுக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார், பதிலே இல்லை. வியட்நாமைக் காலனியாக வைத்திருந்த பிரான்ஸ் மனம் கோணக் கூடாது, ஐரோப்பாவில் அவர்கள் தேவை. 1954 ஏப்ரல் 7 அன்று அதிபர் ஐசன்ஹோவர் டாமினோ கதையைச் சொன்னார், முதல் கட்டை விழுந்தால் கடைசிக் கட்டை வரை சரியும் என்று. (நம்மில் யாரும் டாமினோ ஆடியதில்லை, சீட்டுக்கட்டில் வீடு கட்டியிருப்போம், அந்த மாதிரி.) 58,000 அமெரிக்கர்களும் பல லட்சம் வியட்நாமியர்களும் செத்த பிறகு 1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் விழுந்தது. லாவோஸும் கம்போடியாவும் கூட விழுந்தன. அதற்கப்புறம்? தாய்லாந்து விழவில்லை, மலேசியா விழவில்லை. விழுந்த கட்டைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. 1978 டிசம்பரில் வியட்நாம் கம்போடியாவுக்குள் போனது, 1979 பிப்ரவரியில் சீனா வியட்நாமுக்குள் வந்தது. செங்கொடிக்கும் செங்கொடிக்கும் சண்டை. 1969லேயே எல்லையில் உசூரி ஆற்றங்கரையில் சீனாவும் ரஷ்யாவும் சுட்டுக்கொண்டதைப் பார்த்த பிறகும் "கம்யூனிசம்" என்று ஒற்றை எதிரியை நம்பினார்கள் என்றால் என்ன சொல்ல.

வடசென்னை_வாசு:
அக்கா, குவாத்தமாலாவுக்கு என்னிடம் பதில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தாய்லாந்து, மலேசியா விழாததற்கு வியட்நாமில் அமெரிக்கா 10 வருஷம் நின்றதே காரணம், எங்களுக்கு மூச்சுவிட அவகாசம் கிடைத்தது என்று சிங்கப்பூர் லீ குவான் யூ கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அங்கேயே ஆட்சி செய்தவர் சொல்வதைச் சும்மா தள்ளிவிட முடியாது.

செவ்வந்தி:
தள்ளவில்லை. ஆனால் அந்த அவகாசத்துக்கான பில்லைக் கட்டியது சிங்கப்பூர் இல்லை, வியட்நாம் கிராமங்கள். 1965-66இல் இந்தோனேசியாவில் குறைந்தது 5 லட்சம் பேரைக் கம்யூனிஸ்ட் என்று சொல்லிக் கொன்றார்கள், அமெரிக்கத் தூதரகத்திலிருந்து பெயர்ப் பட்டியல் போனது. அதையும் அவகாசக் கணக்கில்தான் எழுதுவீர்களா?

சும்மா_ஒருத்தன்:
பாப்கார்ன் இறங்கல இப்ப.

பழைய_ரேடியோ:
வாசு, செவ்வந்தி இருவரும் மோதுவதைப் பார்த்தால் கென்னனும் இன்னொரு அமெரிக்க அதிகாரி பால் நிட்சேயும் மோதுவது மாதிரி இருக்கிறது. தம்பி, இந்தப் பெயரைக் குறித்துக்கொள். 1949 ஆகஸ்டில் ரஷ்யா அணுகுண்டு வெடித்தது, அக்டோபரில் மாவோ சீனாவைப் பிடித்தார். வாஷிங்டன் ஆடிப்போனது. 1950 ஏப்ரலில் நிட்சே தலைமையில் என்எஸ்சி 68 என்று ஒரு ரகசிய அறிக்கை. கென்னன் கணக்கில் உலகத்தில் காக்க வேண்டிய தொழில் மையங்கள் ஐந்தே ஐந்து: அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனியின் ரைன் பகுதி, ஜப்பான், சோவியத். ஐந்தாவது அவர்களிடம் இருக்கிறது, மற்ற நாலை விடாமல் பார்த்துக்கொண்டால் போதும். நிட்சே கணக்கில் எங்கே தோற்றாலும் எல்லா இடத்திலும் தோற்ற மாதிரி. எது முக்கியம், எது முக்கியமில்லை என்ற தராசையே எடுத்து எறிந்துவிட்டார். ட்ரூமன் அதற்கான செலவைப் பார்த்துத் தயங்கிக்கொண்டிருந்தபோது ஜூனில் கொரியா வெடித்தது, அப்புறம் யார் கேட்பார்? ராணுவச் செலவு மூன்று மடங்குக்கு மேல் போனது. 1966 பிப்ரவரியில் செனட் குழு முன்னால் டிவியில் உட்கார்ந்து, வியட்நாமில் நமக்கு வேலை இல்லை என்று சாட்சி சொன்னது யார் என்கிறாய், அதே கென்னன்.

அந்த 1966இல் நான் மூன்றாம் வகுப்பு. மத்தியானம் பள்ளிக்கூடத்தில் மஞ்சளாக ஒரு உப்புமா கொடுப்பார்கள், அமெரிக்காவிலிருந்து வந்த தானியம், எண்ணெய் டின் மேல் இரண்டு கை குலுக்குகிற படம் போட்டிருக்கும். காலியான டின்னுக்கு வாத்தியார் வீட்டில் போட்டி. அதே வருஷம் இந்திரா காந்தி மாஸ்கோவுக்குப் போய் வட வியட்நாம் மீது குண்டு போடுவதை நிறுத்தச் சொல்லி ரஷ்யாக்காரர்களோடு சேர்ந்து அறிக்கை விட்டார், அமெரிக்க அதிபர் ஜான்சன் கோதுமைக் கப்பல்களை இழுத்து இழுத்து அனுப்பினார். பீகாரில் பஞ்சம். மலையகத்தான் தாத்தாவின் இறப்பர் கதையைப் படித்ததும் எனக்கு அந்த டின் கண்ணுக்குள் வந்துவிட்டது. அந்த உப்புமா நன்றாகத்தான் இருக்கும், அதையும் சொல்ல வேண்டும்.

தேனிக்காரன்:
இரண்டு நாளாகப் பாடப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை, இந்த இழையையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். குமரன் அண்ணா, ஒன்றே ஒன்று. மெட்ராஸில் இறங்கிய அந்த 88 பேர் என்ன ஆனார்கள்?

கோஜே_குமரன்:
பெரும்பாலானவர்கள் பிற்பாடு பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போனார்கள். திரும்பிப் போனவர்களும் உண்டு, இந்தியாவிலேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. அடுத்த ஞாயிறு ஷிஃப்ட் இல்லை. பூங்காவுக்கு இன்னொரு தரம் போய், சுவரில் மாட்டியிருக்கிற பலகைகளில் மெட்ராஸ் என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்று கொரியன் படிக்கத் தெரிந்த ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு பார்க்கிறேன். இருந்தால் போட்டோ போடுகிறேன்.